விட்டத்திலிருந்து உயரம்: திருகோணமலைக் காடுகளுக்கு ஒரு வளையி பொருத்திய அனுபவம்

நிற்கும் மரத்தின் சுற்றளவை நாடாவால் எடுத்து, அதிலிருந்து விட்டத்தைக் காண அரை நிமிடம் போதும். அதே மரத்தின் உயரத்தை நம்பத்தக்க முறையில் எடுப்பதற்கு, நுனி தெரியும் இடம் தேடிப் பற்றைக்குள் நுழைந்து, தூரம் பார்த்து, கோணம் பார்த்து, இன்னொரு பக்கம் போய் அதையே சரிபார்த்து வருவதற்குள் நேரம் ஓடிவிடும். ஆகவே எல்லா மரங்களினதும் விட்டத்தை அளந்து, தெரிந்தெடுத்த சில மரங்களின் உயரத்தை மட்டும் அளந்து, இரண்டுக்கும் இடையிலான தொடர்பை ஒரு வளையியாக (வளைகோடாக)ப் பொருத்தி, எஞ்சிய மரங்களின் உயரத்தை அதிலிருந்து மதிப்பிடுவது வன அளவையில் நெடுங்கால வழக்கம். திருகோணமலை மாவட்டத்தின் உலர்வலயக் காடுகளில் நாங்கள் மரங்களை அளப்பதற்கென எல்லை குறித்து வைத்திருக்கும் நிலப்பகுதிகளான அளவைத் துண்டுகளுக்கு இதைச் செய்தபோது கடைப்பிடித்த முறைகளையும், எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் தேவை, துண்டுகளில் நிற்கும் மரங்களின் உயிர்த்திணிவை, அதாவது நீர் நீங்கிய எடையை, மதிப்பிடுவது. வெப்பமண்டல மரங்களுக்கென ஜெரோம் ஷாவும் அவருடைய கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட சமன்பாட்டை இதற்குப் பலரும் பயன்படுத்துகிறார்கள். மரத்தின் அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அப்பெருக்கத்தை 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆல் பெருக்கினால் நிலத்துக்கு மேலுள்ள உயிர்த்திணிவு கிலோகிராமில் கிடைக்கும். உயரத்தின் அடுக்கு ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், உயரத்தை நூற்றுக்குப் பத்துக் கூட்டி மதிப்பிட்டால் உயிர்த்திணிவும் கிட்டத்தட்ட அதே அளவு கூடிவிடும். ஒரு மரத்துக்குக் கூடியும் இன்னொன்றுக்குக் குறைந்தும் வரும் வழு, துண்டு முழுவதையும் கூட்டும்போது பெரும்பாலும் ஈடாகிவிடும். எல்லா மரங்களையும் ஒரே பக்கமாகத் தள்ளும் வழு எத்தனை ஆயிரம் மரங்களைக் கூட்டினாலும் அப்படியே நிற்கும். இந்த இரண்டாவது வகை வழுவை இயன்றவரை ஒழிப்பதுதான் நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த எண்ணம்.

அதே ஆய்வில், உயரம் அளக்கப்படாத காடுகளுக்கென ஓர் உயரச் சமன்பாடும் தரப்பட்டுள்ளது. உயரத்தின் இயற்கை மடக்கை = 0.893 − சூழல் அழுத்தம் + 0.760 × விட்டத்தின் மடக்கை − 0.0340 × விட்டத்தின் மடக்கையின் வர்க்கம். சூழல் அழுத்தம் என்னும் எண், வெப்பநிலையின் பருவ மாற்றம், மழையின் பருவ மாற்றம், நீர்ப் பற்றாக்குறை ஆகியவற்றிலிருந்து கணிக்கப்படுவது. அதைச் சுழியமாக வைத்தால் 20 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு ஏறத்தாழ 17.5 மீற்றரும், 40 செ.மீ. மரத்துக்கு ஏறத்தாழ 25.4 மீற்றரும் கிடைக்கின்றன. அழுத்தம் 0.1 கூடும்போது உயரம் நூற்றுக்கு ஒன்பதரை அளவில் இறங்குகின்றது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழையை நம்பி வாழும் எங்கள் காடு இந்தச் சமன்பாட்டில் உயரம் குறைந்த பக்கத்தில் விழும் என்பதில் ஐயமில்லை. எனினும் சமன்பாடு காலநிலையை மட்டுமே அறியும். குச்சவெளிப் பக்கத்து மணலில் உப்புக்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் வீரைக்கும், அதே மழையைப் பெற்றுக் கந்தளாய்ப் பக்கத்து ஆழமான செம்மண்ணில் நிற்கும் வீரைக்கும் உள்ள வேறுபாட்டை அது அறியாது. அந்த வேறுபாடு காட்டுக்குள் நுழைந்த உடனே கண்ணுக்குத் தெரிவது. எனவே சொந்தமாக உயரம் அளப்பதென்று முடிவெடுத்தோம்.

துண்டுகள் மூன்று வகை நிலங்களில் உள்ளன: குச்சவெளிக்கு வடக்கே கடலோரத்தை அண்டிய தாழ்ந்த காடு, கன்னியாப் பக்கத்துப் பாறைச் சரிவுகள், கந்தளாய்க்குப் போகும் வழியில் உள்நாட்டுச் சமநிலம். உரிய அனுமதியோடு, பகலில், யானை நடமாட்டம் அறிந்த ஊரவர் ஒருவரை முன்னே விட்டுத்தான் உள்ளே போவோம். அவரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றே அழைப்போம். மரங்களை இலையைப் பார்க்காமல் பட்டையை வெட்டி முகர்ந்தே இனங்காணும் அவரது அறிவு இல்லாவிட்டால், இனம் என்னும் நிரல் பாதி வெறுமையாகவே இருந்திருக்கும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சவண்டலை ஆகியன எங்கள் தரவில் அடிக்கடி வரும் இனங்கள். இவற்றுள் சவண்டலை பிற நாட்டு மரவணிகத்தில் திருகோணமலை மரம் என்றே வழங்கியது; சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் கட்டவும் அது பயன்பட்டது. இன்று நேரான பெரிய சவண்டலையைக் காண்பது அரிது. கண்டால் அளக்காமல் வருவதில்லை.

விட்டத்தை அளப்பது எளிது என்றேன். ஆனால் எங்கே அளப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். மார்புயரம் என்பது நிலத்திலிருந்து 1.3 மீற்றர். அந்த நீளத்துக்கு வெட்டிய ஒரு தடியைக் கையில் வைத்துக்கொண்டு, சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கத்தில் ஊன்றி, சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, நாடா முறுகாமல் மரத்தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்றினோம். தையற்காரர் நாடா நனைந்தால் நீளும். கண்ணாடியிழை நாடாவே நல்லது. வீரையும் முதிரையும் 1.3 மீற்றருக்குக் கீழேயே இரண்டு மூன்றாகக் கவர்விட்டு நிற்பது இந்தக் காட்டில் மிகச் சாதாரணம். அப்படியானவற்றில் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அளந்து, உயிர்த்திணிவுக் கணக்குக்காக மட்டும் விட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தோம்; வளையி பொருத்துவதற்கு அந்த மரங்களைச் சேர்க்கவில்லை. 20 செ.மீ. தண்டுகள் மூன்றைச் சேர்த்தால் 34.6 செ.மீ. என்று வரும், அந்த மரம் 34.6 செ.மீ. ஒற்றைத் தண்டு மரத்தின் உயரத்துக்கு ஒருபோதும் வளர்ந்திருக்காது. இத்தகைய மரங்களைச் சேர்த்தால் வளையியின் வலப்புறம் காரணமின்றித் தாழ்ந்துவிடும்.

இனி உயரம். இந்தப் பதிவில் மிகுதியான இடம் இதற்கே உரியது.

ஏழெட்டு மீற்றர் வரையான மரங்களுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கொக்கத்தடிகள் இரண்டை இணைத்து, 10 செ.மீ. இடைவெளியில் வண்ணம் பூசி, ஒருவர் மரத்தடியில் நின்று உயர்த்த, மற்றவர் எட்ட நின்று தடியின் நுனியும் மரத்தின் நுனியும் ஒரே மட்டத்துக்கு வரும் கணத்தைச் சொல்வார். கடலோரத் துண்டுகளில் பெரும்பாலான மரங்களை இப்படித்தான் அளந்தோம். செலவு இல்லை, கணிப்பு இல்லை, வழு மிகக் குறைவு.

அதற்கு மேற்பட்ட மரங்களுக்குக் கோணமும் தூரமும் வேண்டும். பலரும் செய்வது ‘தான்’ (tan) முறை: மரத்தின் தண்டுக்குக் கிடைத்தூரம் எடுத்து, நுனிக்கும் அடிக்கும் உள்ள கோணங்களின் ‘தான்’ பெறுமானங்களால் பெருக்கிக் கூட்டுவது. இந்த முறை, மரத்தின் நுனி தண்டுக்கு நேர் மேலே இருக்கிறது என்ற எடுகோளில் தங்கியிருக்கின்றது. தேக்கந்தோட்டத்தில் அது பொருந்தும். பாலை போன்று அகன்று விரிந்த முடியுள்ள மரத்தில், கீழே நிற்பவர் கண்ணுக்கு நுனியாகத் தெரிவது அவர் பக்கம் நீண்டிருக்கும் கொப்பின் விளிம்பே. கன்னியாச் சரிவில் நின்ற ஒரு பாலையின் கணக்கைத் தருகிறேன். தண்டுக்குக் கிடைத்தூரம் 18 மீற்றர். நுனியாகத் தெரிந்த இடத்துக்கு ஏற்றக் கோணம் 38 பாகை. அடிக்கு இறக்கக் கோணம் 5 பாகை. ‘தான்’ முறைப்படி 18 × 0.7813 + 18 × 0.0875, அதாவது ஏறத்தாழ 15.6 மீற்றர். அதே இடத்தில் நின்று அதே கொப்புக்கு லேசர் தூரமானியால் நேர்த்தூரம் எடுத்தபோது 19.4 மீற்றர் வந்தது. நேர்த்தூரத்தைக் கோணத்தின் சைன் பெறுமானத்தால் பெருக்கும் சைன் முறைப்படி 19.4 × 0.6157 = 11.9 மீற்றர், அடிப்பகுதிக்கு 1.6 மீற்றர், ஆக 13.5 மீற்றர். 19.4 மீற்றரைக் கோசைன் 38 பாகையால் பெருக்கி, வருவதை 18 மீற்றரிலிருந்து கழித்தால் அந்தக் கொப்பு தண்டிலிருந்து ஏறத்தாழ 2.7 மீற்றர் எங்கள் பக்கமாக நீண்டிருந்தது என்பதும் தெரிந்துவிடும். ஒரே மரம், ஒரே கோணம். இரண்டு முறைகளுக்கும் இடையே 2 மீற்றருக்கு மேல் வேறுபாடு. முடி பெரிதாக ஆக இந்த வேறுபாடு கூடும். முடி பெரிதாவது தடித்த மரங்களில். ஆகவே ‘தான்’ முறை வளையியின் வலப்புறத்தையே குறிவைத்து மேலே தூக்குகிறது. உயிர்த்திணிவின் பெரும்பங்கு தடித்த மரங்களில் இருப்பதால் இது பொறுக்கக்கூடிய வழு அல்ல.

சைன் முறைக்கும் ஒரு குறை உண்டு. லேசர்க் கதிர் உச்சி இலையில் படாமல் அதற்குச் சற்றுக் கீழேயுள்ள இலையில் பட்டால் உயரம் குறைந்தே வரும். ஒருபோதும் கூடி வராது. இதற்காக ஒவ்வொரு மரத்துக்கும் முடியின் மேற்பகுதியில் பல இடங்களில் கதிரைப் பாய்ச்சி, கிடைத்த உயரங்களுள் மிகக் கூடியதை எடுத்தோம். இது சராசரி எடுக்கும் பழக்கத்துக்கு மாறானது. ஆனால் வழு ஒரு பக்கமாக மட்டுமே வரும் அளவையில் மிகக் கூடியதே உண்மைக்கு நெருங்கியது. இடையில் நிற்கும் கொப்புகள் கதிரை மறிக்கும்போது தூரமானி காட்டும் எண்ணை நம்புவதற்கு முன், அது எந்த இலையில் பட்டது என்று பார்க்க வேண்டும். ஐயா இதில் எங்களைவிடக் கூர்மையானவர். ஒருமுறை கருவியைக் கண்ணில் வைத்தபடி எண்ணை வாசித்துக்கொண்டிருந்த எங்கள் குழுத் தம்பி ஒருவரின் தோளைத் தொட்டு, “தம்பி, அது பாலையிட நுனி இல்லை; பின்னுக்கு நிக்கிற முதிரையிட கொப்பு. இந்தப் பக்கம் வந்து பாருங்கோ” என்றார். அன்றிலிருந்து மரத்தடியில் ஒருவர் நின்று தண்டை ஆட்டியோ, ஆட்ட முடியாத மரமென்றால் கொக்கத்தடியால் கீழ்க்கொப்பை அசைத்தோ, அசையும் முடி எது என்று பார்த்த பின்னரே எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவது வழக்கமாயிற்று.

நேரம் பற்றியும் ஒரு குறிப்பு. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று எழுந்துவிட்டால் முற்பகலிலேயே முடிகள் ஆடத் தொடங்கும், கோணம் நிலைக்காது. விடியற்காலையே உயரத்துக்குரிய நேரம். விட்டத்தைக் காற்றிலும் அளக்கலாம். மறுபுறம், அந்த வறண்ட மாதங்களில் முதிரையும் சவண்டலையும் இலையுதிர்த்து நிற்பதால் அவற்றின் உச்சிக் கொப்புகள் தெளிவாகத் தெரியும், அவற்றுக்குப் பின்னால் நிற்கும் பசுமை மாறா மரங்களையும் பார்க்க முடியும். பாலைப்பழக் காலமும் அதுவே. கரடியும் அதற்கு வரும் என்பதால் பேசிக்கொண்டே நடப்பது நல்லது.

எந்த மரங்களின் உயரத்தை அளப்பது என்பதைக் காட்டில் நின்று தீர்மானிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் நுனி நன்றாகத் தெரியும் மரங்களையே கை தேடும். நுனி நன்றாகத் தெரிவது பக்கத்து மரங்களைவிட உயர்ந்து நிற்பவற்றுக்கு. முதலில் துண்டிலுள்ள எல்லா மரங்களின் விட்டத்தையும் எடுத்து, விட்ட வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் எழுமாற்றாகத் தெரிந்தெடுத்தோம். மிகத் தடித்த வகுப்பில் மரங்கள் சிலவே என்பதால் அவை அனைத்தையும் எடுத்தோம். தெரிவான மரத்தின் நுனி தெரியவில்லை என்றால் அதை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்துக்குத் தாவாமல், தெரியும் இடம் கிடைக்கும் வரை சுற்றி வந்தோம். உழைப்பு அதிகம்தான், அதற்கு மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

முறிந்த நுனிகளை என்ன செய்வது என்ற வினா எங்கள் மாவட்டத்தில் தவிர்க்க முடியாதது. 1964 டிசெம்பர்ப் புயல் இப்பக்கத்தைத் தாக்கியது; 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறியது. உச்சி முறிந்து, பக்கக் கொப்பு ஒன்று நிமிர்ந்து தலைமை ஏற்றிருக்கும் மரங்கள் கடலோரத்தில் நிறைய உண்டு. முறிவு ஆறி, புதிய முடி அமைந்துவிட்ட மரம் அந்த நிலத்தின் இயல்பான மரமே. அதை வளையியில் சேர்த்தோம். உச்சியற்று மொட்டைக் குற்றியாக நிற்பதை உயரத்தோடு குறித்து வைத்தோம், ஆனால் வளையிக்குச் சேர்க்கவில்லை. உயிர்த்திணிவுக் கணக்கில் அதற்கு அளந்த உயரத்தையே இட்டோம். குறிப்பேட்டில் இதற்கென ஒரு நிரல் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பின்னர் நினைவிலிருந்து நிரப்ப முடியாத தகவல் இது.

தரவை விரிதாளில் ஏற்றிய உடனே வளையியைப் பொருத்தத் தொடங்காமல், விட்டத்தைக் கிடையாகவும் உயரத்தை நிலையாகவும் வைத்துப் புள்ளிகளை வரைந்து, துண்டுக்கு ஒரு நிறம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் புள்ளிகளில் இரண்டு செய்திகள் கணிப்பு எதுவும் இன்றியே தெரிந்தன. ஒன்று, சுமார் 30 செ.மீ. விட்டத்துக்குப் பின் புள்ளிகள் மேலே ஏறுவதை நிறுத்திப் பக்கவாட்டில் பரவுகின்றன. மரம் தடிக்கிறதே அன்றி உயரவில்லை. இரண்டு, கடலோரத்துப் புள்ளிகளும் உள்நாட்டுப் புள்ளிகளும் இரண்டு தனித்தனிப் பட்டைகளாக நிற்கின்றன. பின்னால் செய்த எல்லாக் கணிப்பும் இவ்விரண்டையும் எண்ணால் சொல்வதற்கான முயற்சிதான்.

முதலில் பொருத்தியது சுவீடன் நாட்டு வனவியலாளர் நாஸ்லுண்ட் 1936இல் தந்த வளையி. உயரத்தை ‘உ’ என்றும் விட்டத்தை ‘வி’ என்றும், தரவிலிருந்து காண வேண்டிய இரண்டு எண்களை (பரமானங்களை) ‘அ’, ‘ஆ’ என்றும் வைத்தால்:

உ = 1.3 + வி² ÷ (அ + ஆ × வி)²

இதன் சிறப்புகள் பல. விட்டம் சுழியமாகும்போது உயரம் சரியாக 1.3 மீற்றரில் நிற்கும். மார்புயரத்தை எட்டாத மரத்துக்கு மார்புயர விட்டம் இல்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது. வளையி தொடர்ந்து ஏறும், ஆனால் 1.3 + 1 ÷ ஆ² என்ற அணுகுகோட்டைத் தாண்டாது. இரண்டே பரமானங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வி ÷ √(உ − 1.3) என்ற புதிய நிரல் ஒன்றை விரிதாளில் அமைத்து அதை விட்டத்துக்கு எதிரே வரைந்தால் அது நேர்கோடாகிவிடும், வெட்டுத்துண்டு ‘அ’, சாய்வு ‘ஆ’. கணினிச் செய்நிரல் தெரியாத மாணவரும் புள்ளிகளுக்கு மிக நெருங்கிப் போகும் நேர்கோடான ஒரு பிற்செலவுக் கோட்டால் இதைப் பொருத்தலாம். அ = 1.6, ஆ = 0.23 என வைத்துக்கொண்டால் 10 செ.மீ. மரத்துக்கு 7.9 மீற்றரும், 30 செ.மீ. மரத்துக்கு 13.8 மீற்றரும், 60 செ.மீ. மரத்துக்கு 16.5 மீற்றரும் வரும்; அணுகுகோடு 20.2 மீற்றர். இவை விளக்கத்துக்கான எண்களே எனினும், உலர்வலயக் காட்டின் வளையி எந்த வடிவில் வளையும் என்பதைக் காட்டப் போதுமானவை.

நேர்கோட்டு வடிவில் பொருத்தும்போது கணினி சிறிதாக்குவது உயரத்தின் வழுவை அல்ல, மாற்றிய அளவின் வழுவை. ஆகவே அங்கே கிடைத்த அ, ஆ இரண்டையும் தொடக்கப் பெறுமானங்களாக மட்டும் கொண்டு, ஆர் (R) என்னும் புள்ளிவிவர மென்பொருளில் நேர்கோடல்லாத இழிவு வர்க்க முறையால் மீண்டும் பொருத்தினோம். அதோடு மீதிகளை (அளந்த உயரத்துக்கும் வளையி காட்டும் உயரத்துக்கும் உள்ள வேறுபாடுகளை) விட்டத்துக்கு எதிரே வரைந்து பார்த்ததில் மெல்லிய மரங்களில் அவை ஒடுங்கியும் நடுத்தர மரங்களில் விரிந்தும் நின்றமையால், மாறற்றிறன் (மீதிகள் பரவும் அளவு) விட்டத்தோடு கூட இடமளிக்கும் நிறையைச் சேர்த்தோம். இதைச் செய்யாவிட்டால் வளையியின் இருப்பிடம் பெரிதாக மாறாது. ஆனால் நம்பிக்கை எல்லைகள் மெல்லிய மரங்களுக்கு அளவுக்கு மீறி அகன்றும், தடித்த மரங்களுக்கு அளவுக்கு மீறி ஒடுங்கியும் வரும்.

ஒப்பீட்டுக்காக வேறு வளையிகளையும் பொருத்திப் பார்த்தோம். உயரத்தின் மடக்கையை விட்டத்தின் மடக்கைக்கு எதிரே நேர்கோடாக வைப்பது மிக எளிது. மரம் தன் பாரத்தில் வளையாமல் நிற்பதற்கான நெம்பியல் காரணத்தை வைத்து மக்மேகன் 1973இல் விளக்கிய, உயரம் விட்டத்தின் மூன்றில் இரண்டு அடுக்கோடு வளரும் என்ற தொடர்பும் இந்த வடிவில்தான் வரும். ஆனால் அதற்கு அணுகுகோடு இல்லை. எங்கள் தடித்த பாலைகளுக்கு அது காட்டும் உயரத்தை எந்தப் பாலையும் எட்டவில்லை. மடக்கையில் பொருத்தும் எவரும் மீட்டுப் பெறும்போது ஒரு திருத்தத்தை மறக்கக் கூடாது. மடக்கை அளவில் சராசரியாக இருப்பது மீற்றர் அளவில் சராசரியை விடக் குறைந்தது. வழு செவ்வன் பரம்பலில் இருந்தால் மீதி மாறற்றிறனின் அரைவாசியை அடுக்காகக் கொண்ட காரணியால் பெருக்க வேண்டும். ஷாவின் உயரச் சமன்பாட்டில் மீதி நியமவிலகல் 0.243, திருத்தக் காரணி 1.03. மூன்று வீதம் சிறிதாகத் தோன்றலாம். எல்லா மரங்களுக்கும் ஒரே பக்கமாக வருவது என்பதால் விடக்கூடாது.

மூன்று பரமானங்கள் கொண்ட சாப்மன்–ரிச்சட்ஸ் வளையியும் வைபுல் வளையியும் புள்ளிகளோடு அழகாகப் பொருந்தின. ஆயினும் தடித்த மரங்கள் சிலவே உள்ள துண்டுகளில் அணுகுகோட்டுப் பரமானமும் வடிவப் பரமானமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடின. ஒரு தடித்த மரத்தை நீக்கிவிட்டு மீண்டும் பொருத்தினால் அணுகுகோடு பல மீற்றர் தாவியது. தரவு தாங்காத நெகிழ்வை வளையிக்குக் கொடுப்பதில் பயனில்லை. வளையிகளை ஒப்பிடும்போது இன்னொரு கவனமும் வேண்டும்: மடக்கையில் பொருத்திய மாதிரியுருவின் ஏ.ஐ.சி. (AIC) என்ற பொருத்தத்தை ஒப்பிடும் எண்ணையும் மீற்றரில் பொருத்தியதன் ஏ.ஐ.சி. எண்ணையும் நேரடியாக ஒப்பிட இயலாது. அவை வெவ்வேறு அளவுகளில் கணிக்கப்பட்டவை. எல்லாவற்றையும் மீற்றருக்கு மீட்டு, சராசரி வழுவையும் வழுவின் வர்க்க சராசரி மூலத்தையும் விட்ட வகுப்புவாரியாக ஒப்பிட்டதே எங்களுக்குத் தெளிவைத் தந்தது. வகுப்புவாரியாகப் பார்ப்பது இன்றியமையாதது. மெல்லிய மரங்கள் எண்ணிக்கையில் மிகுதியாதலால் மொத்தச் சராசரியை அவையே ஆள்கின்றன.

இரண்டு பட்டைகளாகப் பிரிந்து நின்ற புள்ளிகளை ஒரே வளையியால் ஊடறுத்தால் கடலோரத்தில் கூடுதலாகவும் உள்நாட்டில் குறைவாகவும் மதிப்பிடுவோம். துண்டுக்கு ஒரு வளையி பொருத்தினாலோ, மரங்கள் குறைந்த துண்டில் வளையி நம்பமுடியாததாகிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்பது கலப்பு விளைவு மாதிரியுரு. நாஸ்லுண்டின் ‘அ’, ‘ஆ’ இரண்டுக்கும் காடு முழுவதற்கும் பொதுவான ஒரு பெறுமானமும், அதிலிருந்து ஒவ்வொரு துண்டும் விலகும் எழுமாற்று விளைவு ஒன்றும் வைத்தோம். மரங்கள் நிறைந்த துண்டு தன் சொந்த வளையியை நோக்கி நகரும். மரங்கள் குறைந்த துண்டு பொது வளையிக்கு அருகே நிற்கும். எவ்வளவு நகரும் என்பதை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம். துண்டுகளுக்கிடையே நியமவிலகல் 1 மீற்றர், துண்டுக்குள் மரங்களுக்கிடையே 2 மீற்றர் எனக் கொள்வோம். ஒரு துண்டில் 4 மரங்களை மட்டும் அளந்திருந்தால், அவை காட்டும் விலகலில் 4 ÷ (4 + 4), அதாவது பாதியை நம்பலாம். 12 மரங்களை அளந்தால் 12 ÷ (12 + 4), அதாவது முக்கால் பங்கை நம்பலாம். இந்தக் கணக்கு மாணவர்களுக்கு விளங்கிய பின்னர், துண்டுக்கு எத்தனை மரம் அளப்பது என்ற விவாதமே அடங்கிவிட்டது.

இனத்தையும் எழுமாற்று விளைவாகச் சேர்த்துப் பார்த்தோம். பாலை ஒரே விட்டத்தில் சவண்டலையை விடத் தாழ்ந்தே நிற்கிறது. இது ஐயா முன்பே சொன்னது. ஆயினும் இனம் தரும் முன்னேற்றம் நிலம் தந்த முன்னேற்றத்துக்கு அருகே வரவில்லை. இதற்கு விதிவிலக்கு மருது. குளத்தோரத்திலும் ஆற்றோரத்திலும் நீரில் வேரூன்றி நிற்கும் மருதமரத்துக்கு வறட்சியே தெரியாது. அதன் புள்ளிகள் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தனியே நின்றன. அதை எழுமாற்று விளைவால் சமாளிக்க முயலாமல் தனித் தொகுதியாகவே வைத்தோம்.

மாதிரியுருவைச் சோதிக்கும்போது மரங்களை எழுமாற்றாகப் பிரித்து ஒரு பகுதியை மறைத்து வைப்பது போதாது. மறைத்த மரத்தின் அண்டை மரங்கள் மாதிரியுருவுக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் வழு குறைவாகவே தோன்றும். நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு முழுத் துண்டையே மறைத்து, எஞ்சியவற்றால் பொருத்தி, மறைத்த துண்டின் உயரங்களை மதிப்பிட்டோம். இப்படிச் சோதித்தபோது வழு கூடியது. நாளை புதிய துண்டு ஒன்றுக்குப் போகும்போது எதிர்பார்க்க வேண்டிய வழு அதுவே. நாஸ்லுண்ட், வைபுல், நாங்கள் பொருத்திப் பார்த்த இன்னொரு வளையியான மைக்கேலிஸ்–மென்டன் ஆகிய மூன்றுக்கும் இடையே இச்சோதனையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ‘தான்’ முறையால் அளந்த உயரங்களுக்கும் சைன் முறையால் அளந்தவற்றுக்கும் தனித்தனியே வளையி பொருத்தியபோது வந்த வேறுபாடோ, எந்த இரண்டு வளையிகளுக்கும் இடையே வந்ததைவிடப் பெரிது. ஷாவிடமிருந்து இரவல் வாங்கிய உயரச் சமன்பாட்டின் வளையி கடலோரத் துண்டுகளில் ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே ஓடியது. உள்நாட்டில் மெல்லிய மரங்களுக்கு ஓரளவு ஒத்துப்போய், தடித்த மரங்களில் விலகியது.

வளையி தருவது ஒரு விட்டத்துக்குரிய சராசரி உயரம் மட்டுமே என்பதை, தரவைப் பிறருக்குக் கொடுக்கும்போது தெளிவாக எழுதி வைக்கிறோம். 25 செ.மீ. மரங்கள் அனைத்துக்கும் ஒரே உயரத்தை நிரப்பினால் துண்டின் மொத்த உயிர்த்திணிவு பாதிக்கப்படாது. ஆனால் அந்த நிரப்பிய உயரங்களிலிருந்து முடிமட்டத்தின் ஏற்றத்தாழ்வையோ மிக உயர்ந்த மரத்தையோ கணிக்க முயன்றால் காடு உண்மையில் உள்ளதைவிடச் சீராகத் தோன்றும். அத்தகைய தேவைக்கு, மாதிரியுருவின் மீதி மாறற்றிறனிலிருந்து எழுமாற்று வழு ஒன்றை ஒவ்வொரு மரத்துக்கும் சேர்த்துப் பலமுறை நிரப்ப வேண்டும். எனவே கோப்பில் அளந்த உயரத்துக்கு ஒரு நிரலும் மதிப்பிட்ட உயரத்துக்கு வேறொரு நிரலும் உள்ளன. இரண்டையும் ஒருபோதும் ஒன்றாக்குவதில்லை. அளந்த முறை, அளந்தவர், நுனியின் நிலை, கருவி காட்டிய மூலத் தூரமும் கோணமும் ஆகியவையும் அதே நிரையில் உள்ளன. இன்னும் நல்ல முறை ஒன்று வந்தால் மூல எண்களிலிருந்து உயரத்தைத் திரும்பக் கணிக்கலாம்.

அடுத்ததாகத் தம்பலகாமப் பக்கத்தில் புதிய துண்டுகள் சேரவுள்ளன. அங்கே எல்லா விட்டங்களையும் எடுத்து, துண்டுக்குப் பன்னிரண்டு மரங்களின் உயரத்தை விட்ட வகுப்புவாரியாக அளந்து, இருக்கும் கலப்பு மாதிரியுருவை அவற்றால் அந்த நிலத்துக்கு இசைவாக்குவதே திட்டம். குளத்தோர மருதுகளுக்குத் தனி வளையி பொருத்தத் தடித்த மரங்கள் இன்னும் போதவில்லை. கச்சான் எழுமுன் அவற்றை அளந்து முடிக்க வேண்டும்.